அலகைக் காட்டு... ஊரைச் சொல்றேன்!

குட்டீஸ்! உங்கள் வீட்டு அடுப்படியை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். தோசையைத் திருப்ப தோசைக்கரண்டி இருக்கும். சூடான சட்டியை இறக்க இடுக்கி இருக்கும். டீ வடிக்க வடிகட்டி இருக்கும். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தால் பாக்குவெட்டி இருக்கும். பாக்குவெட்டியை வைத்து தோசையைத் திருப்ப முடியுமா? ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கருவி!

பறவைகளுக்குக் கைகள் கிடையாது. அவை இறக்கைகளாகிவிட்டன. ஆகவே எடுப்பது, கடிப்பது, கிழிப்பது, பின்னுவது எல்லாமே அலகால்தான். கொக்குக்கு ஈட்டி, கிளிக்குப் பாக்குவெட்டி, தேன்சிட்டுக்கு ஊசி, வாத்துக்கு வடிகட்டி. ஒரு பறவையின் அலகையும் காலையும் கவனித்தால் போதும். அது எங்கே வசிக்கிறது, என்ன சாப்பிடுகிறது என்பதில் பாதியைப் பெயர் தெரியாமலேயே சொல்லிவிடலாம். இந்த வாரம் அந்த விளையாட்டைத்தான் விளையாடப் போகிறோம். இடம்: தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும்.

அதற்கு முன்னால் ஒரு சின்னக் கேள்வி. பறவை என்றால் என்ன? "பறப்பது பறவை" என்று சொல்லிவிடாதீர்கள். வவ்வாலும் பறக்கிறது. ஆனால் அது குட்டி போட்டுப் பால் கொடுக்கும். வாய் நிறைய பல்லும் உண்டு! நெருப்புக்கோழியோ பறக்கவே பறக்காது. ஆனால் அது பறவைதான். "முட்டையிடுவது பறவை" என்றால் பாம்பும் ஆமையும் கோபித்துக்கொள்ளும். சரியான விடை இறகு. இன்று உலகில் இறகு உள்ள ஒரே உயிரினம் பறவைதான். பஞ்சு போன்ற குட்டி இறகுகள் உடம்புச் சூட்டைக் காக்கும். நீண்ட கெட்டியான இறகுகள் பறக்க உதவும்.

பறக்க வேண்டுமானால் உடம்பு லேசாக இருக்க வேண்டும் அல்லவா? அதனால் பறவைகளின் பல எலும்புகள் மூங்கில் போல உள்ளே வெற்றிடமாக இருக்கும். பல்லும் இல்லை. மெல்லும் வேலையை வயிற்றில் இருக்கும் அரைவைப் பை பார்த்துக்கொள்ளும். கோழி சின்னக் கற்களைப் பொறுக்கித் தின்பதைப் பார்த்திருப்பீர்களே, அவைதான் அந்த அம்மிக்குக் குழவி!

பறவைகளின் முன்னோர்கள் யார் தெரியுமா? டைனோசர்கள்! 1861இல் ஜெர்மனியில் ஒரு புதைபடிவம் கிடைத்தது. இறகும் இருந்தது, பல்லும் நீண்ட எலும்பு வாலும் இருந்தன. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அதன் பெயர் ஆர்க்கியாப்டெரிக்ஸ். ஆக, உங்கள் வீட்டுக் கோழி டைனோசரின் தூரத்துச் சொந்தம். அடுத்த முறை அதைத் துரத்தும்போது கொஞ்சம் மரியாதையாகத் துரத்துங்கள்!

மூன்று மாடி வீடு

உலகில் ஏறத்தாழ 11 ஆயிரம் வகைப் பறவைகள் உள்ளன. இந்தியாவில் மட்டும் 1,300 வகைகளுக்கு மேல். அவற்றில் பலவற்றைப் பார்க்கப் பெரிய பயணமெல்லாம் போக வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்கு ஒரு மூன்று மாடி வீடு மாதிரி. ஒரு பக்கம் கேரள எல்லையில் ஏலமலை. இன்னொரு பக்கம் மேகமலையும் வருசநாட்டு மலையும். நடுவில் முல்லைப் பெரியாறு ஓடுகிறது. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக லோயர் கேம்ப் பக்கம் இறங்கி வருகிறது. அங்கிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல் விளைகிறது.

கீழ்த்தளம் நெல் வயலும் குளமும். பக்கத்திலேயே திராட்சைப் பந்தல், தென்னந்தோப்பு. ஆண்டிபட்டிப் பக்கம் போனால் வறண்ட முள்காடு. சின்னமனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் 1,500 மீட்டர் உயரத்தில் குளிரும் மழையும் அடர்ந்த காடும். காலையில் வயலில் கொக்கைப் பார்த்துவிட்டு, மதியம் மலையில் இருவாச்சியைத் தேடலாம். ஒவ்வொரு தளத்திலும் குடியிருப்பவர்கள் வேறு வேறு.

நத்தைக்கு ஒரு கத்தி

முதலில் வயலுக்குள் இறங்குவோம். வரப்பில் ஒருவர் அசையாமல் குந்தியிருப்பார். மண் நிறம். கண் தெரியாதவர் போல அப்படியே இருப்பார். அதனால்தான் கிராமத்தில் அவருக்குக் 'குருட்டுக் கொக்கு' என்று பெயர். மடையான் என்றும் சொல்வார்கள். உண்மையில் அவர் கண் மகா கூர்மை! மீனோ தவளையோ பக்கத்தில் வந்ததும், 'விசுக்'கென்று கழுத்து நீளும். பயந்து எழுந்து பறந்தால் பளிச்சென்று வெள்ளை இறக்கை தெரியும். மண் நிறத்தில் உட்கார்ந்தவர் வெள்ளையாகப் பறப்பதைப் பார்த்து ஏமாறாதவர்கள் குறைவு.

அதே வயலில் உயரமான, அழுக்கு வெள்ளை நிறத்தில் கருப்பு இறக்கையோடு ஒரு நாரை நடந்து போகும். அதன் அலகைப் பாருங்கள். மூடிய பிறகும் நடுவில் ஓர் இடைவெளி! கோணலாகிப்போன இடுக்கி மாதிரி இருக்கும். யாராவது அடித்து அலகு வளைந்துவிட்டதோ என்று பரிதாபப்படாதீர்கள். இதன் பெயர் நத்தை குத்தி நாரை. பெயரிலேயே சாப்பாடு இருக்கிறது.

நத்தையின் ஓடு வழுக்கும், கெட்டியாகவும் இருக்கும். உள்ளே இருக்கும் நத்தையோ வாசலைத் தட்டு போன்ற மூடியால் அடைத்துக்கொள்ளும். நாரை ஓட்டை உடைப்பதில்லை. அலகின் நுனியைக் கத்தி போல மூடியின் ஓரமாக உள்ளே விட்டு, தசையை அறுத்து, நத்தையை மட்டும் உருவி எடுத்துவிடும். வயலோரம் உடையாத காலி நத்தை ஓடுகள் கிடந்தால், யார் விருந்து சாப்பிட்டார்கள் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். இந்த நாரையின் குஞ்சுகளுக்கு அலகில் இடைவெளி இருக்காது. வளர வளரத்தான் அது வரும்.

இங்கே ஒரு கணக்கு உண்டு. தண்ணீர் நின்றால் நத்தை. நத்தை இருந்தால் நாரை. வயல் வீட்டு மனையானாலோ, குளம் குப்பை மேடானாலோ நத்தையைத் தேடிக்கொண்டு நாரை வேறு ஊருக்குத்தான் போக வேண்டும். நெல்லைப் பொறுக்கி வாழ அதன் அலகு உதவாது. ஒரே வேலைக்கென்று செய்த கருவியில் உள்ள சிக்கல் இதுதான்!

வயலில் பகல் வேலைக்காரர், இரவு வேலைக்காரர் என்று 'ஷிப்ட்' முறையும் உண்டு. பகலில் கரிச்சான். இரட்டைவால் குருவி என்பதும் இவர்தான். கம்பியில் உட்கார்ந்து பறக்கும் பூச்சிகளைப் பிடிப்பார். தன் கூட்டுப் பக்கம் காக்கையோ பருந்தோ வந்தால் துரத்தித் துரத்திக் கொத்துவார். காக்கை இவரைவிட எவ்வளவு பெரியது! இவருக்கு அதெல்லாம் கவலையே இல்லை.

இரவில் கூகை வரும். இதய வடிவ வெள்ளை முகம் கொண்ட ஆந்தை இது. பெரும்பாலும் எலிதான் உணவு. இதன் காதுகள் இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை. ஒன்று சற்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. அதனால் சத்தம் எந்தப் பக்கம், எந்த உயரத்திலிருந்து வருகிறது என்று கும்மிருட்டிலும் கண்டுபிடித்துவிடும். இறக்கையின் ஓரம் சீப்பு போலவும் குஞ்சம் போலவும் இருப்பதால் பறக்கும் சத்தமே கேட்காது. எலி பாவம், தெரிவதற்குள் கதை முடிந்துவிடும்! பூச்சியையும் எலியையும் பிடிக்க வரும் பறவைகள் உட்காரட்டும் என்றே விவசாயிகள் வயலில் 'டி' வடிவக் குச்சிகளை நட்டு வைக்கிறார்கள்.

ஆனால் "ஆந்தை அலறினால் வீட்டுக்கு ஆகாது" என்று கல்லால் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அப்படிச் சொன்னால், ஆந்தை இல்லாத ஊரில் எலிக்கு யார் காவல் என்று கேட்டுப் பாருங்கள்.

கால்கள் சொல்லும் கதை

இப்போது குளத்துக்கு வருவோம். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், கூடலூர் பக்கம் குளம், கண்மாய்களுக்குக் குறைவில்லை. தாமரையோ ஆம்பலோ படர்ந்த குளமாக இருந்தால் கரையில் உட்கார்ந்து அலகை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள்.

இலைமேல் ஒரு பறவை தரையில் நடப்பது போல நடக்கும். இலைக்கோழி! இதன் விரல்களும் நகங்களும் மிக மிக நீளம். உடம்பின் எடை பல இடங்களுக்குப் பிரிந்துவிடுவதால் இலை அமிழ்வதில்லை. இதில் ஆண் பறவைதான் அடைகாக்கும், குஞ்சுகளையும் வளர்க்கும். அம்மா முட்டையிட்டதோடு சரி, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும்.

வாத்தின் காலில் விரல்களுக்கு நடுவே தோல் இருக்கும். அது துடுப்பு. முக்குளிப்பானுக்கு அப்படி இல்லை, ஒவ்வொரு விரலும் தனித்தனித் துடுப்பு போலத் தட்டையாக இருக்கும். 'டபக்'கென்று முங்கி, நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில் எழும். அதன் குஞ்சுகள் அம்மா, அப்பா முதுகில் ஏறிச் சவாரி செய்யும். பார்க்கக் கிடைத்தால் உங்களுக்கு யோகம்.

வைகை அணைப் பக்கம் போனால் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக்கொண்டு, துணி காயப்போட்டது போல நிற்கும். நிஜமாகவே காயப்போடத்தான்! வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் இறகோ எளிதில் நனையும். அது குறை இல்லை. நனைந்தால்தான் உடம்பு மிதக்காமல் ஆழத்துக்குப் போய் மீனைத் துரத்த முடியும். பிறகு வெயிலில் காய வேண்டும், அவ்வளவுதான்.

குளத்தை விட்டு ஆண்டிபட்டிப் பக்கத்து வறண்ட நிலத்துக்குப் போனால் ஆள்காட்டிக் குருவி உங்களை வரவேற்கும். வரவேற்கும் என்ன, ஊரைக் கூட்டும்! மனிதர் வருகிறார் என்று கத்திக் காட்டிக்கொடுப்பதால்தான் அந்தப் பெயர். அதற்குக் கூடே கிடையாது. வெறும் தரையில், கூழாங்கல் போன்ற முட்டைகளை இடும். வெயில் அதிகமானால் தன் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர வைக்கும். அது தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் நீங்கள் முட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். காலடியைப் பார்த்து, வந்த வழியே மெதுவாகத் திரும்பிவிடுங்கள்.

பந்தலுக்குள் யார்?

கம்பம் பன்னீர் திராட்சையை நீங்கள் சாப்பிட்டிருப்பீர்கள். 2023இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இந்தத் திராட்சையை உங்களுக்கு முன்னால் ருசி பார்ப்பவர்கள் கொண்டைக்குருவியும் மைனாவும்! பழுத்த குலையில் நாலு பழத்தைக் கொத்தினாலும் குலையின் விலை போய்விடும். விவசாயிக்கு இது நிஜமான நஷ்டம். "பாவம், பறவை சாப்பிடட்டும்" என்று தோட்டம் இல்லாத நாம் எளிதாகச் சொல்லிவிடக் கூடாது. அதே பறவைகள்தான் குஞ்சு பொரித்த காலத்தில் புழுவும் பூச்சியுமாகப் பிடித்துக் கொண்டுபோய் ஊட்டுகின்றன என்பதும் உண்மை. பழத்தைக் காக்க வலை போடுவதுண்டு. வலை தொய்ந்து தொங்கினால் பறவை காலை மாட்டிக்கொண்டு சாகும். இழுத்துக் கட்டினால் பழமும் பிழைக்கும், பறவையும் பிழைக்கும். உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ வலை கட்டும்போது நீங்களும் ஒரு முனையைப் பிடித்து இழுக்கலாமே!

தோப்பிலும் கிணற்று மேட்டிலும் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். இந்தக் கூட்டைக் கட்டுவது ஆண் குருவி. நெல், புல், தென்னை ஓலை இவற்றிலிருந்து நார் நாராகக் கிழித்து, அலகையே ஊசியாக்கிப் பின்னும். பாதிக் கூடு முடிந்ததும் பெண் குருவி வந்து பார்வையிடும். பிடித்தால்தான் குடித்தனம். அதன்பிறகே ஆண் குருவி கூட்டைக் கட்டி முடித்து, நீண்ட வாசல் குழாயையும் வைக்கும். பிடிக்காவிட்டால்? அந்தக் கூடு அரைகுறையாகவே தொங்கும். கூடு முடிந்ததும் ஆண் இன்னொரு கூடு கட்டத் தொடங்கி இன்னொரு துணையைத் தேடும் என்பதை 1930களில் கவனித்து எழுதியவர் சலீம் அலி. இந்தியப் பறவைகளைப் பற்றிப் படிப்பவர்கள் எல்லோரும் சந்திக்கும் பெயர் இது. 1896 நவம்பர் 12இல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது சுட்டு வீழ்த்திய ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்ததைப் பார்த்து, "இது என்ன குருவி?" என்று கேட்கப் போனதில்தான் அவருடைய பறவை ஆராய்ச்சியே தொடங்கியது. 1933இல் இந்த மலைகளுக்கு அந்தப் பக்கம், அன்றைய திருவிதாங்கூரின் காடுகளில் பறவைக் கணக்கெடுப்பும் செய்தார்.

சுவருக்குள் அம்மா

வாருங்கள், மலை ஏறுவோம். மேகமலைக் காடுகள் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. ஓடையோரம் யாரோ பள்ளிக்கூடத்துப் பையன் வேலை இல்லாமல் சீட்டியடிப்பது போலக் கேட்டால் திரும்பிப் பார்த்து ஏமாற வேண்டாம். அது கருநீல நிறத்துச் சீட்டியடிக்கும் பறவை.

இந்த மாடியின் ராஜா பெரிய இருவாச்சி. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். மஞ்சள் அலகு. அதன்மேல் இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு கொண்டை. இரண்டு வாய் போலத் தெரிவதால் இருவாச்சி. பறக்கும்போது 'புஸ்... புஸ்' என்று இறக்கைச் சத்தம் தூரத்திலிருந்தே கேட்கும். பக்கத்து மாநிலமான கேரளத்தின் மாநிலப் பறவை இதுதான். நம் தமிழ்நாட்டின் மாநிலப் பறவை? மரகதப்புறா.

இருவாச்சி குடும்பம் நடத்தும் விதம் வேறு எங்கும் கேள்விப்படாதது. பழைய பெரிய மரத்தில் உள்ள பொந்துக்குள் பெண் பறவை நுழையும். எச்சத்தையும் உணவுச் சக்கையையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துவிடும். ஆணின் அலகு நுனி நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு கீறல் விடும். பாம்போ குரங்கோ உள்ளே வர முடியாது. உள்ளே அம்மா தன் இறக்கையின் இறகுகளை எல்லாம் உதிர்த்துவிடும். நினைத்தாலும் பறக்க முடியாது. முட்டை பொரித்துக் குஞ்சு வளர்ந்து வெளியே வர மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். அத்தனை நாளும் அப்பா பழங்களைக் கொண்டு வந்து ஊட்டும். ஆலும் அத்தியும் இச்சியும் அதற்குப் பிடித்தவை. தொண்டையில் அடக்கி வந்த பழங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கொடுப்பதைப் பார்த்தால் ஜாலவித்தை போல இருக்கும்.

இந்த நாட்களில் அந்த ஆண் பறவையை யாராவது வேட்டையாடினால்? பொந்துக்குள் இருப்பவர்களும் பட்டினியாகிவிடுவார்கள். ஒரு குண்டில் ஒரு குடும்பம்.

இன்னொரு விஷயம். இருவாச்சிக்கு மரங்கொத்தி போல மரத்தைக் குடையத் தெரியாது. இயற்கையாக உண்டான பெரிய பொந்து வேண்டும். கன்று நட்டுப் பத்து வருடத்தில் அப்படி ஒரு மரம் கிடைத்துவிடாது. அதனால் நல்ல பொந்து கிடைத்தால் வருடா வருடம் அதற்கே திரும்பி வரும். அது தின்ற பழங்களின் விதைகள் காடு முழுக்க விழுந்து முளைக்கின்றன. கிழட்டு மரம் தானே என்று வெட்டினால் இருவாச்சியின் வீடும் போகும், அது நட வேண்டிய அடுத்த மரமும் போகும்.

ஆறு மணிக்கு வரும் விருந்தாளி

குளிர்காலத்துக்குத் தமிழ்நாட்டுக்குப் பல விருந்தாளிகள் வருவார்கள். அதில் ஒன்று ஆறுமணிக்குருவி. பச்சை, நீலம், சிவப்பு, கருப்பு, வெள்ளை என்று வண்ணப் பெட்டியைக் கவிழ்த்தது போல இருக்கும். வடக்கே இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வரும். காலை, மாலை ஆறு மணி வாக்கில் இரண்டு சுரத்தில் கூப்பிடும். கடிகாரம் இல்லாமல்!

அதைவிடத் தூரம் போகிறவர்களும் உண்டு. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்தே மாதமான ஒரு பட்டைவால் மூக்கன் குஞ்சு, அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 13,560 கி.மீ. பறந்தது. 11 நாட்கள்! வழியில் இறங்கவே இல்லை. தேனியிலிருந்து சென்னை சுமார் 500 கி.மீ. அந்தத் தூரத்தை 27 தடவை, சாப்பிடாமல் கடப்பது போல. பஸ்சில் ஒரு தடவை போவதற்கே நமக்கு இரண்டு இடத்தில் டீ, வடை வேண்டியிருக்கிறது!

15 நிமிடம் போதும்

பறவை பார்க்கப் பைனாகுலர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். காலை ஆறிலிருந்து எட்டு மணி வரை நல்ல நேரம். பளிச்சென்ற சட்டை வேண்டாம். புதிய பறவையைப் பார்த்ததும் புத்தகத்தைப் புரட்டாதீர்கள். அதற்குள் அது போய்விடும்! சிட்டு அளவா, மைனா அளவா, காக்கை அளவா? அலகு எப்படி? கால் எப்படி? எங்கே உட்கார்ந்தது, என்ன செய்தது? எழுதுங்கள், கோணல்மாணலாகவாவது ஒரு படம் வரையுங்கள். பெயரைப் பிறகு தேடலாம். கூட்டுக்கு மிகவும் பக்கத்தில் போகக் கூடாது. குஞ்சைத் தொடக் கூடாது. மேகமலைக் காட்டுக்குள் வனத்துறை அனுமதிக்கும் இடங்களுக்கு மட்டும், பெரியவர்களோடு போங்கள்.

கூண்டுக் கிளி வேண்டும் என்று அடம்பிடிக்கும் தம்பி, தங்கை வீட்டில் இருந்தால் ஒரு தகவல் சொல்லிவிடுங்கள். நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வாசலில் ஒரு மண் சட்டியில் தண்ணீர் வைத்தால் கிளியே வரும்.

பொங்கல் விடுமுறையில் என்ன செய்யப் போகிறீர்கள்? 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். உங்கள் வீட்டு மொட்டை மாடி, வயல், குளக்கரை எதுவாகவும் இருக்கலாம். குறைந்தது 15 நிமிடம் ஓர் இடத்தில் நின்று, எந்தப் பறவை எத்தனை என்று எண்ணி எழுதி, 'ஈபேர்ட்' இணையதளத்தில் அண்ணன், அக்கா, ஆசிரியர் யாராவது உதவியோடு பதிய வேண்டும். காக்கையையும் எண்ண வேண்டும், விட்டுவிடாதீர்கள். நோட்டின் முதல் பக்கத்தில் இன்றைக்கே தேதியையும் உங்கள் ஊர்ப் பெயரையும் எழுதி வையுங்கள்.